பிராக்கெட்டைக் கழற்றியது யார்?

லாக்கப்புக்குள் விழுந்த அடியின் சத்தம், வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த எனக்கே முதுகில் உறைத்தது. அடுத்த அடி விழுந்ததும் எழுந்தே விட்டேன்.

"உட்காருங்க கண்டக்டர்" என்றார் டீச்சர்.

"ஒருத்தனைப் போட்டு மிதிக்கிறாங்க. வேடிக்கை பார்த்துட்டு உட்காரச் சொல்றீங்களா?"

"வேடிக்கை பார்க்கத்தானே வந்தோம். ஒழுங்கா பாருங்க."

டீச்சர் இப்படித்தான். இருபத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக் கொடுத்து அலுத்துப்போய், இப்போது கொலைகாரர்களைத் தேடிக்கொண்டிருக்கிறார். நானும் அதே இருபத்திரண்டு வருஷம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவன். உத்தியோகம் போனது, வாய் மட்டும் போகவில்லை. அந்த வாயோடு அவர் பின்னால் அலைகிறேன்.

கம்பிக்கு உள்ளே பாக்ஸர் தரையில் கிடந்தான். இருபத்தாறு வயது, ஊரில் நல்ல குத்துச்சண்டைக்காரன் என்று பெயர். இப்போது ஒரு கண் முழுதாக மூடிவிட்டது. கீழுதடு கிழிந்து தொங்கியது. கான்ஸ்டபிள் லத்தியை மாற்றிப் பிடித்து அவன் உள்ளங்காலில் இன்னொன்று வைத்தார். பாக்ஸர் பல்லைக் கடித்தான், ஒரு சத்தம் வரவில்லை.

"ஒத்துக்கிட்டவனை இன்னும் ஏன்டா அடிக்கிறீங்க?" என்று டீச்சர் இன்ஸ்பெக்டரைக் கேட்டார்.

இன்ஸ்பெக்டர் ஏழாம் வகுப்பில் டீச்சரிடம் படித்தவர். அதனால்தான் எங்களை வாசலோடு துரத்தவில்லை. "ரெண்டு நாள் அடிச்ச கை டீச்சர், உடனே நிக்க மாட்டேங்குது" என்று சிரித்துக்கொண்டே கான்ஸ்டபிளுக்குக் கையைக் காட்டினார். லத்தி நின்றது.

கேஸ் இதுதான். முந்தாநாள் மதியம் ஒரு போட்டோ ஸ்டூடியோவில், அதன் சொந்தக்காரர் மண்டை உடைந்து செத்துக் கிடந்தார். தலையில் ஏழு அடி. செத்தவர் பாக்ஸருடைய அக்கா புருஷன். பெண்டாட்டியை அடிக்கிற ஆள். போன வாரம்தான் பாக்ஸர் நடுத்தெருவில் அவர் சட்டையைப் பிடித்து, "என் அக்கா மேல இன்னொரு தடவை கை வெச்சே, கொன்னுடுவேன்" என்று கத்தியிருக்கிறான். தெருவே கேட்டிருக்கிறது.

"அது மட்டும்னா நானே யோசிப்பேன் டீச்சர். இதைப் பாருங்க. செத்தவரே சாட்சி சொல்லிட்டுப் போயிருக்கார்." இன்ஸ்பெக்டர் ஒரு படத்தை மேஜையில் போட்டார்.

சதுரமான படம். பாக்ஸர் கேமராவைப் பார்த்து முஷ்டியை ஓங்கிக்கொண்டு நிற்கிறான். கண் பிதுங்குகிறது, பல் தெரிகிறது. பின்னால் சுவரில் அவன் நிழல் கன்னங்கரேலென்று விழுந்திருக்கிறது. பார்த்ததும் நான் அரை அடி பின்னால் நகர்ந்தேன்.

"ஃபிலிம் ரோல்ல மொத்தம் பன்னிரண்டு படம். இது பன்னிரண்டாவது. இவன் கொல்ல வர்றான், அவர் கையில கேமரா இருக்கு, அமுக்கிட்டார். அடுத்த நிமிஷம் இவன் கேமராவில மாட்டியிருந்த ஃபிளாஷைப் பிடுங்கி, அதாலயே போட்டுத் தள்ளிட்டான்."

பக்கத்து மேஜையில் அந்த ஃபிளாஷ் இருந்தது. முழங்கை நீளக் கைப்பிடி, உச்சியில் உடைந்த விளக்கு, அடியில் தட்டையான ஓர் இரும்புப் பிராக்கெட். அதன் விளிம்பில் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது, நாலைந்து முடியும் ஒட்டிக்கொண்டிருந்தது. டீச்சர் குனிந்து பார்த்தார்.

"இதுலேர்ந்து கேமராவுக்கு ஒரு ஒயர் போகுமே, அது எங்கே?"

"ஒயரா? அப்படி எதுவும் கிடைக்கலியே."

"கேமரா?"

"மேஜை மேல இருந்துச்சு. ஒரு கீறல் இல்ல. ரோலை மட்டும் எடுத்துக்கிட்டு அங்கேயே விட்டுட்டோம்."

"இவன் என்ன சொல்றான்?"

"அடுத்த வாரம் போட்டியாம், போஸ்டருக்காக முறைச்சுக்கிட்டு நின்னானாம். ரெண்டு நாளா இதே பாட்டு. இன்னிக்குப் பதினோரு மணிக்குத்தான் 'நான்தான் கொன்னேன்'னு வழிக்கு வந்தான்."

"பதினோரு மணிக்கு என்ன நடந்துச்சு?"

"என்ன நடக்கும்? லத்தி நடந்துச்சு."

"அது ரெண்டு நாளா நடக்குதே."

இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று மணி. "ஆறு மணிக்கு இவன்கிட்ட கையெழுத்து வாங்கிட்டு கோர்ட்டுக்கு அனுப்பறேன். அதுக்கு மேல யார் வந்து கேட்டாலும் என்கிட்ட ஒண்ணும் இல்ல டீச்சர். காலையிலேர்ந்து இந்தக் குடும்பத்து நாடகத்தைப் பார்த்துப் பார்த்து எனக்குத் தலைவலி."

கம்பியைப் பிடித்துக்கொண்டு பாக்ஸர் மெல்ல எழுந்தான். வாயிலிருந்து ரத்தத்தோடு ஒரு பல்லைத் துப்பினான். "டீச்சர், நீங்க போயிடுங்க. நான்தான் செஞ்சேன். அக்காகிட்ட சொல்லுங்க, இனிமே எங்கேயும் போய் எதுவும் பேச வேணாம்னு."

வெளியே வந்ததும் நான் பொரிந்து தள்ளினேன். "செய்யலைன்னு அக்கா நம்மகிட்ட வந்து அழுவுது, செஞ்சேன்னு தம்பி சொல்றான். நாம யாரு பேச்சை எடுக்கறது?"

"ரெண்டு பேர் பேச்சும் வேணாம். அந்த ஃபிளாஷ் பேச்சைக் கேப்போம், நடங்க" என்றார் டீச்சர்.

ஸ்டூடியோ வாசலில் ஸ்டூடியோக்காரம்மா சாவியோடு நின்றாள். செத்தவரின் மனைவி, பாக்ஸரின் அக்கா. மதியம் பன்னிரண்டு மணிக்கு டீச்சர் வீட்டுக் கதவைத் தட்டி, "என் தம்பி கொல்லலை. அதை மட்டும் நிரூபிச்சுக் குடுங்க" என்று கேட்டவள் இவள்தான். முப்பத்தெட்டு வயதிருக்கும். அந்த வெயிலிலும் கழுத்து மூட ஒரு துணியைச் சுற்றியிருந்தாள்.

உள்ளே சாம்பல் நிறத் திரை, ஒரு முக்காலி, தலை சீவிக்கொள்ள ஒரு கண்ணாடி. தரையைக் கழுவியிருந்தார்கள். ஆனாலும் சிமெண்டுத் தரையில் ரத்தம் ஊறிய இடம் தனியாகத் தெரிந்தது, நான் அதைச் சுற்றிக்கொண்டு நடந்தேன். மேஜை மேல் கேமரா. பக்கத்தில் கிழிந்த ஒரு காகித உறையும், அதிலிருந்து எடுத்து இன்னும் பிரிக்காத புது ரோலும் கிடந்தன.

"முந்தாநாள் மதியத்திலேர்ந்து இந்த மேஜை மேல இருக்கறதை யாராவது தொட்டாங்களா?" என்றார் டீச்சர்.

"கேமராவைத் தவிர எதையும் தொடலை டீச்சரம்மா."

"இது எப்படி வேலை செய்யும்னு எனக்குக் காட்டும்மா. ஒண்ணு விடாம."

அவள் அலமாரியிலிருந்து, போலீஸ் கொண்டுபோனது போலவே இன்னொரு ஃபிளாஷை எடுத்தாள். கேமராவைத் தொட்டதும் அவள் விரல்கள் பழகிய வேகத்தில் ஓடின. "ரெண்டு லென்ஸ். மேல இருக்கறது பார்க்கறதுக்கு, கீழ இருக்கறது படம் எடுக்கறதுக்கு. வயித்துக்கு நேரா பிடிச்சு, மேலேர்ந்து குனிஞ்சு பார்க்கணும். இந்தப் பிராக்கெட்டைக் கேமராவுக்கு அடியில வெச்சு, இந்தத் திருகை முறுக்கணும். எட்டு சுத்து. அப்புறம் ஒயர், ஒரு முனை ஃபிளாஷ்ல, இன்னொண்ணு லென்ஸ் பக்கத்துல."

மாட்டி முடித்து என் கையில் கொடுத்தாள். அம்மாடியோவ், என்ன கனம்! பஸ் பேட்டரியைத் தூக்கியது மாதிரி இருந்தது.

"ரோலை எப்படி மாத்தறது?" என்றார் டீச்சர்.

"பின்கதவோட பூட்டு கேமராவுக்கு அடியில இருக்கு. பிராக்கெட் தகடு அதை மூடிக்கும். பிராக்கெட்டைக் கழட்டாம ரோலை மாத்தவே முடியாது." சொல்லிவிட்டு டீச்சர் முகத்தையே பார்த்தாள். பிறகு இன்னொரு தரம் அழுத்திச் சொன்னாள். "மாத்தவே முடியாது டீச்சரம்மா."

டீச்சர் ஏதோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் வாசல் கதவு சுவரில் மோதித் திறந்தது.

வந்தவன் கரடி. செத்தவரின் அண்ணன். ஆளைப் பார்த்தால் அந்தப் பெயரை ஏன் வைத்தார்கள் என்று கேட்கவே தோன்றாது. "கொலைகாரப் பயலுக்கு வக்காலத்து வாங்க ஆள் பிடிச்சிட்டு வந்திருக்கியாடி?" என்று கத்திக்கொண்டே வந்து, தம்பி மனைவியின் கன்னத்தில் விட்டான் ஒன்று. அவள் முக்காலியோடு சேர்த்து உருண்டாள்.

"ஐயா, இது லேடீஸ் சீட்டு, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றேன்.

எனக்கு எப்போதுதான் புத்தி வரப்போகிறதோ! அவன் என் பக்கம் திரும்பினான். அவன் முதல் குத்து என் விலாவில் இறங்கியது, இரண்டாவது தாடையில். சுவரோடு ஒட்டிக்கொண்டேன். கையில் ஃபிளாஷ் இருந்தது நினைவுக்கு வந்து, அவன் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் வைத்துப் பின்னால் இருந்த சிவப்புப் பொத்தானை அமுக்கினேன்.

அறையே வெளுத்துப் போனது. கரடி "ஐயோ என் கண்ணு!" என்று அலறி முகத்தைப் பொத்திக்கொண்டான். எனக்கு ஒரே குஷி. அவன் தட்டுத்தடுமாறி மறுபடி என் மேல் பாய்ந்தான், நானும் மறுபடி அமுக்கினேன். ஒன்றும் வரவில்லை. ஃபிளாஷ் 'கீ...' என்று முனகியது.

"சார்ஜ் ஏறப் பத்து செகண்டாவது ஆகும்!" என்று ஸ்டூடியோக்காரம்மா தரையிலிருந்து கத்தினாள்.

"அதை மொதல்லயே சொல்லக் கூடாதா தாயே!"

கரடி ஃபிளாஷின் கைப்பிடியைப் பிடித்துவிட்டான். அதைப் பிடுங்கி என்னை அடிக்க வேண்டும் என்பதுதான் அவன் எண்ணம். இழுத்தான், முறுக்கினான், உதறினான். பிராக்கெட் விடவே இல்லை. ஃபிளாஷோடு சேர்ந்து கேமராவும் வந்தது, கேமராவைப் பிடித்திருந்த நானும் வந்தேன். கடைசியில் எல்லாவற்றையும் ஒன்றாகவே சுழற்றினான். கேமராவின் மூலை என் நெற்றியில் இடித்தது. சூடாக ரத்தம் கண்ணில் வழிந்தது. கேமரா கண்ணாடி மேல் மோதி, கண்ணாடி நொறுங்கி என் தோள் மேல் கொட்டியது. அடுத்த வீச்சு என் மண்டைக்கு என்று தெரிந்ததும் கண்ணை மூடிக்கொண்டேன்.

'மடக்' என்று ஒரு சத்தம். கண்ணைத் திறந்தபோது கரடி முழங்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் புரண்டான். டீச்சர் கேமரா ஸ்டாண்டின் இரும்புக் காலைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"முட்டிக்குக் கீழ அடிச்சா எந்தப் பெரிய ஆளும் உட்காருவான்" என்றார், பாடம் நடத்துகிற குரலில். பிறகு திரைக் கயிற்றை அறுத்து அவன் கையைப் பின்னால் கட்டச் சொன்னார். கட்டினேன். கட்டும்போது என் தாடைக்காக ஒரு முடிச்சு கூடுதலாகவே போட்டேன், மறைப்பானேன்?

டீச்சர் கீழே கிடந்த கேமராவை எடுத்தார். மூலை நசுங்கி, மேல் லென்ஸ் உடைந்திருந்தது. ஃபிளாஷும் பிராக்கெட்டும் மட்டும் அப்படியே அதோடு ஒட்டிக்கொண்டிருந்தன.

"கண்டக்டர், உங்க நெத்தி வீண் போகலை. நல்ல பலசாலி, நல்ல கோபம், உயிரைக் கொடுத்து இழுத்தான். கழண்டுதா?"

"எங்கே கழண்டுது? நான்தான் கழண்டேன்."

"ஃபிளாஷைப் பிடுங்கி அடிச்சிருந்தா கேமராவும் கூடவே போயிருக்கும். இப்படி நசுங்கியிருக்கும். ஆனா அன்னிக்குக் கேமரா ஒரு கீறல் இல்லாம மேஜை மேல இருந்துச்சு. யாரோ நிதானமா எட்டு சுத்து சுத்தி பிராக்கெட்டைக் கழட்டி, கேமராவை மேஜையில வெச்சிருக்காங்க. ஏன்? பன்னிரண்டு படமும் முடிஞ்சிடுச்சு. ரோல் மாத்தணும். புது ரோலோட உறையைக்கூடக் கிழிச்சாச்சு. கொல்ல வர்றவனைப் படம் பிடிச்ச கையோட, யாராவது உக்காந்து ரோல் மாத்துவாங்களா?"

எனக்கு விஷயம் சுரீரென்று ஏறியது. "அப்போ அந்தப் படம் நிஜமாவே போஸ்டர் படம்! எடுத்தாச்சு, பாக்ஸர் போயாச்சு, அதுக்கப்புறம்தான் கொலை!" நான் ஸ்டூடியோக்காரம்மா பக்கம் திரும்பினேன். "அம்மா, உங்க தம்பி தப்பிச்சான்!"

அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. என் கண்ணும் கலங்கிவிட்டது, ரத்தம் வேறு.

டீச்சர் மட்டும் சந்தோஷப்படவில்லை. கரடியின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். "ஒரே ஒரு கேள்வி. உங்க தம்பி ரோல் மாத்தி நீங்க பார்த்திருக்கீங்களா?"

"அவனா?" கரடி வலியில் பல்லைக் கடித்தான். "குடிச்சுக் குடிச்சு அவன் கை ஆடும். பாட்டில் மூடியைக்கூட ஒழுங்கா திறக்க மாட்டான். படம் முடிஞ்சதும் கேமராவை நீட்டுவான், இவ கழட்டி மாட்டிக் குடுப்பா. பதினாறு வருஷமா அப்படித்தான்."

டீச்சர் நிமிர்ந்தார். நானும் நிமிர்ந்தேன். பிராக்கெட் யார் கையில் இருந்தது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

ஸ்டூடியோக்காரம்மா முகத்திலிருந்து கையை எடுத்தாள். அவள் அழவில்லை. "அப்பாடா" என்றாள். "கண்டுபிடிச்சிட்டீங்க."

"காலையில பதினோரு மணிக்கு ஸ்டேஷனுக்குப் போயிருந்தே, இல்லையா?" என்றார் டீச்சர்.

"போனேன். நான்தான் கொன்னேன்னு சொன்னேன். கழுத்துத் துணியை அவிழ்க்கறதுக்குள்ளயே இன்ஸ்பெக்டர் சிரிச்சார். தம்பியைக் காப்பாத்த நாடகமாடாதேம்மான்னு டீ வாங்கிக் குடுத்து அனுப்பிட்டார். உள்ளே இருந்து தம்பி கேட்டுட்டான். ரெண்டு நாள் அடி தாங்கினவன், அதைக் கேட்டதும் நான்தான் செஞ்சேன்னு கத்த ஆரம்பிச்சுட்டான்."

"எங்ககிட்டயாவது வந்தவுடனே சொல்லியிருக்கலாமே அம்மா!" என்றேன்.

"சொல்லியிருந்தா நீங்களும் டீ வாங்கிக் குடுத்திருப்பீங்க. நானா சொன்னா யாரும் நம்ப மாட்டேங்கறாங்க. மத்தவங்க கண்டுபிடிச்சாத்தான் நம்புவாங்க."

கழுத்துத் துணியை அவிழ்த்தாள். கயிறு இறுக்கியது போல் கழுத்தைச் சுற்றி ஒரு கறுத்த தடம், நடுவில் தோல் பிய்ந்திருந்தது. பைக்குள்ளிருந்து சுருள் சுருளான ஒரு கறுப்பு ஒயரை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"தம்பியை சமாதானம் பண்றேன்னு இவர்தான் போஸ்டர் படம் எடுக்கக் கூப்பிட்டார். எடுத்து முடிச்சு, தோள்ல கை போட்டு அனுப்பி வெச்சார். கதவைச் சாத்தினார். கேமராவை என்கிட்ட நீட்டினார். நான் ஒயரை உருவி வெச்சேன், உறையைக் கிழிச்சேன், பிராக்கெட்டைக் கழட்டினேன். 'தம்பியை விட்டு மிரட்டறியா?'ன்னு அந்த ஒயரை எடுத்துப் பின்னாலேர்ந்து கழுத்தைச் சுத்திட்டார். கண்ணு இருட்டிடுச்சு. பிராக்கெட் இன்னும் என் கையிலதான் இருந்துச்சு. தோளுக்கு மேல பின்பக்கமா வீசினேன். அந்த ஒரே அடியில ஒயரை விட்டுட்டார்." எச்சிலை விழுங்கினாள். விழுங்குவதே அவளுக்கு வலித்தது. "மீதி ஆறு அடி இருக்கே டீச்சரம்மா, அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. எனக்கு நிறுத்தவே தெரியலை."

கரடி கட்டிய கையோடு அவள் மேல் காறித் துப்பப் பார்த்தான். நான் அவன் வாயில் என் கைக்குட்டையைத் திணித்தேன்.

"முதல் அடிக்கு இந்தக் கழுத்து பேசும். மத்த ஆறுக்கு ஜெயில் இருந்தாலும் இருக்கும். நான் பொய் சொல்ல மாட்டேன்" என்றார் டீச்சர்.

"தெரியும். மணி என்ன?"

ஐந்தே கால் ஆகியிருந்தது. கரடியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு ஆட்டோ பிடித்தோம். வழி முழுக்க அவள் மணி கேட்டுக்கொண்டே வந்தாள்.

ஸ்டேஷனுக்குள் நுழைந்தபோது ஆறாகப் பத்து நிமிஷம். பாக்ஸரை மேஜை முன்னால் நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். வீங்கிய விரலில் பேனா நிற்கவில்லை. கான்ஸ்டபிள் அவன் பிடரியில் ஓர் அறை விட்டு, பேனாவை மறுபடி விரலுக்குள் செருகினார்.

டீச்சர் நேராகப் போய், நசுங்கிய கேமராவை ஃபிளாஷோடு இன்ஸ்பெக்டர் முன்னால் வைத்தார். "ஃபிளாஷைப் பிடுங்கி என்னை அடி."

"டீச்சர், என்ன விளையாட்டு இது?"

"பிடுங்குடா!"

ஏழாம் வகுப்புப் பயம் இன்னும் மிச்சம் இருந்திருக்க வேண்டும். பிடுங்கினார். கேமராவும் வந்தது. காலால் மேஜையை உதைத்துக்கொண்டு இழுத்தார். அப்போதும் கேமராவும் வந்தது. இழுப்பதை நிறுத்திவிட்டு, அடியில் இருந்த திருகை மெல்லத் திருப்பிப் பார்த்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று டீச்சர் எண்ண ஆரம்பித்தார். எட்டாவது சுற்றில் பிராக்கெட் கழன்று கையோடு வந்தது.

ஸ்டூடியோக்காரம்மா ஒயரை மேஜையில் வைத்து, கழுத்துத் துணியை எடுத்தாள். இன்ஸ்பெக்டர் அந்தத் தடத்தைப் பார்த்தார், ஒயரைப் பார்த்தார். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. கான்ஸ்டபிளிடம் டீ சொல்லவும் இல்லை.

"பொய்!" என்று பாக்ஸர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். "அக்கா பொய் சொல்லுது! நான்தான் அடிச்சேன், ஏழு அடி, நான்தான்! எங்கே போடணும் கையெழுத்து?" பேனாவை முழு முஷ்டியால் பற்றிக்கொண்டு காகிதத்தின் மேல் விழுந்தான். அவனைப் பிடிக்க இரண்டு கான்ஸ்டபிள்கள் போதவில்லை.

அக்கா அவன் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கி எறிந்தாள். அவன் முகத்தை நிமிர்த்தி, வீங்காத கன்னமாகப் பார்த்து ஓங்கி ஓர் அறை விட்டாள்.

"உன்னைத் தூக்கி வளர்த்தது இதுக்காடா? எனக்காக நீ சாகறதுக்கா?"

இரண்டு நாளாக லத்தி அடிக்கு ஒரு முனகல்கூட விடாதவன், அவள் கையைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி ஓவென்று அழுதான்.